வெனிஸை அரை நாளில் பார்க்கச் சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வெனிஸ் பயணக் கட்டுரையில், நகருக்குள் தங்குவது வீண் செலவு என்றும், நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் அறை எடுத்துக்கொண்டு ரயிலில் போய் அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற அக்டோபரில் நானும் என் கணவரும் வெனிஸின் தோர்சோதூரோ பகுதியில், ஒரே குடும்பத்தினர் மூன்று தலைமுறைகளாக நடத்திவரும் பழைய விடுதியொன்றில் 4 இரவுகள் தங்கினோம். கார் மட்டுமன்றி சைக்கிளும் ஓட்ட அனுமதியில்லாத அந்த ஊரில், படகுத்துறையிலிருந்து விடுதி வரை படிக்கட்டுப் பாலங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். விடுதியில் லிஃப்ட் கிடையாது. முன்பதிவில் எங்கள் வயதைக் கண்ட உரிமையாளர் அம்மையார், மாடி ஏற முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மூன்றாம் மாடி அறையை முதல் மாடிக்கு மாற்றிக் கொடுத்தார்.

கீழ்த்தளச் சுவரில், என் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கோடும் 2019 நவம்பர் 12 என்ற தேதியும் இருந்தன. அன்றிரவு கடல் ஏற்றம் 187 செ.மீ. எட்டியது, 1966 நவம்பரில் பதிவான 194 செ.மீ.க்கு அடுத்தபடியாக அதுவே மிக அதிகம். (இது கடல்மட்டக் குறியிலிருந்து எடுக்கும் அளவு, தெருவில் நின்ற நீரின் ஆழம் அல்ல.) சுண்ணாம்பில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்து இழைத்த பழைய தரையில் உப்பு தங்கிவிடாதபடி நன்னீரால் பலமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மீட்டதை அம்மையார் ஒவ்வோர் இடமாகக் காட்டி விளக்கினார். வெனிஸைச் சூழ்ந்த காயல் கடலோடு சேரும் வாய்களில் அமைத்த தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபரில் இயங்கத் தொடங்கியபின் அச்சம் பெரிதும் குறைந்திருக்கிறது. ஆயினும் வாசலில் செருகும் இரும்புப் பலகையை அவர்கள் பரணில் போட்டுவிடவில்லை.

மேல்தளத்திலேயே குடும்பம் குடியிருந்ததால்தான் அந்த இரவில் நாற்காலிகளையும் பழைய பதிவேடுகளையும் மாடிக்குத் தூக்க ஆள் இருந்தது. பக்கத்துச் சந்தில் பல வீடுகளின் கதவோரம் சாவி வைக்கும் எண்பூட்டுப் பெட்டிகள் தொங்குவதைப் பார்த்தேன். அவை பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படுபவை, அங்கே குடியிருப்போர் எவருமில்லை. 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை என்னும்போது, அங்கேயே வாழ்ந்து அங்கேயே தொழில் செய்யும் இத்தகைய குடும்பங்களுக்கு நம் பணம் போய்ச் சேருவதை வீண் செலவு என்று எப்படிச் சொல்வது?

மெஸ்த்ரேயைவிட வாடகை கூடுதல் என்பது உண்மைதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களைத் தவிர்த்து, நவம்பர் முதல், பிப்ரவரி வாக்கில் வரும் முகமூடித் திருவிழா தொடங்கும்வரை வாடகை நன்றாகவே இறங்குகிறது. மாலையில் கூட்டம் ரயிலேறிய பிறகு, கால்வாய்க் கரையில் பிள்ளைகள் பந்து விளையாடுவதையும் விடியற்காலையில் காய்கறிப் படகு வந்து நிற்பதையும் அரை நாள் பயணிகள் காண வழியே இல்லை.

ஆகவே குடும்பத்தினர் நடத்தும் இத்தகைய விடுதிகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் வாடகையுடன், லிஃப்ட் உண்டா, படகுத்துறையிலிருந்து எத்தனை பாலங்கள் ஏறி இறங்க வேண்டும் என்ற விவரங்களையும் சேர்த்தால், என்னைப் போன்ற மூத்த வாசகர்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.