அந்த வளைவுக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க

ரோட்டுக்கும் வாகன இறக்குமதிக்கும் ரேடியோ அலைவரிசைக்கும் அனுமதி குடுக்கிற எடத்துல இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு கராஜ்ல 17 வருஷமா வண்டி வயரிங் வேல செய்றேன். டவுன்ல நீங்க வச்ச கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன், பின்னால நின்னுக்கிட்டு தான் கேட்டேன். தானா ஓடுற வண்டிங்க வரப்போகுது, அதுங்க ஒன்னோட ஒன்னு ரேடியோவுல பேசிக்கும், விபத்து கொறையும், மலையகத்துக்கும் அது வரும்னு திரையில படம் போட்டு காட்டினீங்க. படத்துல இருந்த ரோடு நேரா இருந்துச்சு, நாலு லேன், வெள்ளக் கோடு பளிச்சுனு. கேள்வி கேக்க நேரமில்லன்னு சொல்லி முடிச்சிட்டீங்க, அதனால தான் எல்லாரும் பாக்கிற மாதிரி இங்க எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

கூட்டம் முடிஞ்சு ஒம்போதாவது நாள். காலைல ஆறே முக்கால், டெவோன் தாண்டி தலவாக்கலைக்கு போற ரோடு, அம்பதடிக்கு அங்கால ஒன்னும் தெரியாத பனி. முன்னால பஸ் ஒன்னு புட்போர்டு வரைக்கும் சனத்தோட ரெண்டாவது கியர்ல ஏறுது, அதுக்குப் பின்னால ஸ்கூல் புள்ளைங்க அஞ்சு பேரோட ஒரு ஆட்டோ, ஆட்டோவுக்குப் பின்னால நான் பைக்ல. திடீர்னு பஸ் நின்னுச்சு. நின்னது அப்படியே நிக்கல, பின்னால உருள ஆரம்பிச்சுருச்சு. கொண்டக்டர் தம்பி கட்டைய தூக்கிக்கிட்டு குதிச்சான், ஆட்டோக்காரரு ரிவர்ஸ் போட பாக்குறாரு, பின்னால நான் நிக்கிறேன், ஒரு பக்கம் கானு, மத்தப் பக்கம் பள்ளம். பஸ்ஸோட பின் பம்பர் ஆட்டோ முன் கண்ணாடிய தொட்டு டொக்குனு ஒரு சத்தம், அதே நேரம் கட்ட டயருக்கு அடியில இறுகி பஸ் நின்னுருச்சு. ஆட்டோவுக்குள்ள ரெண்டாம் வகுப்பு படிக்கிற அளவு ஒரு சின்னப் புள்ள, தண்ணி போத்தல நெஞ்சோட இறுக்கி பிடிச்சுக்கிட்டு, அழவும் இல்ல, என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

பஸ்ஸுக்கு முன்னால போய் பாத்தா எதிர்ல எறங்கி வந்த ஒரு ரீகண்டிஷன் கார் வளைவுல குறுக்கால நிக்குது. "என்னா சேர், நடு முடக்குல நிப்பாட்டிட்டீங்க"ன்னு பஸ் டிரைவர் கேக்குறாரு. கார்க்காரருக்கு கை நடுங்குது, "நான் அடிக்கல அண்ணே, கார் தான் பிரேக் அடிச்சிச்சு"ன்னு சொல்றாரு. அவரு பொய் சொல்லல. அந்த கார் ரெண்டு நாள் கழிச்சு எங்க கராஜ்க்கே வந்துச்சு. முன் கண்ணாடி கல்லு பட்டு ஒடஞ்சு மாத்தியிருக்காங்க, கண்ணாடிக்குப் பின்னால இருந்து ரோட்டப் பாத்து தானா பிரேக் போட வைக்கிற கேமராவ திரும்ப நேர்ப்படுத்தல. வளைவுல திரும்புறப்போ காரோட மூஞ்சி ஒரு செக்கன் எதிர்ல வர்ற பஸ்ஸ நேரா பாக்கும், அடுத்த செக்கன் விலகிரும்னு ஓட்டுற மனுசனுக்கு தெரியும், காருக்கு தெரியல, மோதப் போறோம்னு நெனச்சு முழு பிரேக்கையும் போட்டுருச்சு. வருஷா வருஷம் லைசனுக்கு புகை டெஸ்ட் எடுக்கச் சொல்றீங்க, சரி, எடுக்கிறோம். பிரேக் அடிக்கிற அதிகாரம் இருக்கிற ஒரு கேமரா நேரா பாக்குதான்னு டெஸ்ட் பண்ண யாரும் சொல்றதில்ல. டாஷ்போர்டுல அந்த மஞ்ச லைட்ட மட்டும் அணைச்சு விடுங்கன்னு தான் என்கிட்ட வர்றாங்க.

இதுக்கு தான் வண்டிக்கு வண்டி பேசுற வசதி வருதுன்னு நீங்க சொல்வீங்க. எனக்கும் அந்த ஆச இருக்கு. அண்ணன் மக பேராதனைல என்ஜினியரிங் படிக்குது, அதுகிட்ட ராத்திரி ராத்திரியா உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒவ்வொரு வண்டியும் நான் இந்த எடத்துல இருக்கேன், இவ்வளவு ஸ்பீட்ல இந்தப் பக்கமா போறேன், பிரேக் அடிச்சிட்டேன்னு செக்கனுக்கு 10 தடவ ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்குமாம். பனி கேமராவோட கண்ண மறைக்கும், அந்த ரேடியோவ மறைக்காது. எங்க ஊருக்கு இத விட நல்லது என்ன இருக்கு? அதனால தான் கேக்குறேன், எல்லா வண்டிக்கும் ஒரே பாஷைய முதல்ல முடிவு பண்ணுங்க, அத பஸ்ஸுல இருந்து ஆரம்பிங்க. மத்த எல்லாம் அதுக்குப் பிறகு தான்.

ஏன் பஸ்ஸுல இருந்துன்னு சொல்றேன்னா, கணக்கு லேசு. ரோட்டுல ஓடுற 100 வண்டில 10ல அந்த ரேடியோ இருந்தா, வளைவுல எதிரும் புதிருமா சந்திக்கிற ரெண்டு வண்டிலயும் அது இருக்கிற வாய்ப்பு 100க்கு 1 தான். ஒன்னு பேசும், மத்தது செவிடு. காசு உள்ளவங்க வாங்குற புது கார்ல மட்டும் வந்தா, தேயிலக் கொழுந்து லொறியும் ஸ்கூல் ஆட்டோவும் அந்த கார்களுக்கு இல்லாத வண்டி மாதிரி தான் இருக்கும். 60 பேர் ஏறுற பஸ்ல ஒன்னு போட்டா 60 பேருக்கு காவல்.

பாஷைய பத்தி சொல்றேன். ஜப்பான்ல இருந்து வந்த கார சாவி போட்டதும் ஒரு பொம்பளக் குரல் என்னமோ சொல்லும் இல்லியா, அந்த நாட்டு டோல் கார்டு போடலன்னு சொல்லுதாம். இங்க அந்த கார்டும் இல்ல, அத வாங்குற கேட்டும் இல்ல, அது பாட்டுக்கு தெனம் காலைல சொல்லிக்கிட்டு இருக்கு. வண்டி வண்டியோட பேசுறதும் இப்படி ஆயிரும்னு தான் எனக்கு பயம். ஜப்பான்ல 2015ல டொயோட்டா கொண்டு வந்தது 760 மெகாஹெர்ட்ஸ்ல பேசுது. ஐரோப்பாவுல ஃபோக்ஸ்வாகன் தன்னோட கோல்ஃப் கார்ல போட்டது 5.9 கிகாஹெர்ட்ஸ்ல வைஃபை மாதிரி ஒரு முறை. சீனாக்காரங்க அதே 5.9 பக்கத்துல தான் இருக்காங்க, ஆனா செல்போன் வழில வந்த வேற முறை. ரெண்டும் ஒரே அலைவரிசைல நின்னாலும் ஒன்னு பேசுறது மத்ததுக்கு வெறும் இரைச்சல் தான். அமெரிக்காவுல 1999ல இதுக்குன்னு 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினாங்க, 20 வருஷம் வைஃபை மாதிரி முறைய வச்சு வேல பாத்தாங்க, 2020ல அதுல 45ஐ வேற தேவைக்கு எடுத்துட்டு மிச்சம் 30ல செல்போன் முறைக்கு மாறச் சொல்லிட்டாங்க. அவ்வளவு பெரிய நாடே முடிவு மாத்தி மாத்தி எடுக்குது. இங்க இலங்கைல 2025 பெப்ரவரில இருந்து வாகன இறக்குமதி திரும்ப தெறந்தாச்சு, ஜப்பான் கார், சீனா கார், ஐரோப்பா கார், இந்தியா லொறி எல்லாம் ஒரே ஏ7 ரோட்டுல தான் ஏறி எறங்குது. எது எந்த பாஷை பேசணும்னு நீங்க இப்ப சொல்லலன்னா பத்து வருஷம் கழிச்சு சொல்லி என்ன பிரயோசனம்?

இன்னொன்னு, அந்த 5.9 கிகாஹெர்ட்ஸ் அலை மலைய சுத்தி வராது. நேரா போகும், மண் மேட்டுல பட்டா அவ்வளவு தான். 760 கொஞ்சம் வளஞ்சு வரும்னு சொல்றாங்க. படத்துல நீங்க காட்டின நேர் ரோட்டுல எது போட்டாலும் வேல செய்யும், எங்க வளைவுல, எங்களுக்கு ரொம்ப தேவப்படுற அந்த எடத்துல தான் காது அடைக்கும். அதுக்கு வழி இருக்கு. வளைவோட வெளிப்பக்கம், ரெண்டு பக்கமும் தெரியுற எடத்துல ஒரு கம்பம் நட்டு ரேடியோ பெட்டி வச்சா, மேல வர்ற வண்டி சொல்றத கீழ வர்ற வண்டிக்கு அது கடத்தும். ரேடியோவுக்கு வைக்கிற கண்ணாடின்னு வச்சுக்கோங்களேன்.

கண்ணாடின்னதும் சொல்லாம இருக்க முடியல. அதே வளைவுல ஒரு குவி கண்ணாடி, வெறும் கண்ணாடி, வைக்கச் சொல்லி ஊர் ஆளுங்க கையெழுத்து போட்டு நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு ஆபீசுக்கு கடிதம் குடுத்தோம். தமிழ்ல எழுதி குடுத்ததுக்கு எட்டு மாசம் கழிச்சு சிங்களத்துல மட்டும் ஒரு பதில் வந்துச்சு, அத வாசிக்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தர தேடிப் போனோம், கடிதம் கெடச்சுதுன்னு மட்டும் அதுல இருந்துச்சு. 1987ல இருந்து தமிழும் இந்த நாட்டு அரச கரும மொழி ஐயா. கண்ணாடி இன்னும் வரல. ரோட்டோர கோடு அழிஞ்சு எத்தன மழ பெஞ்சு போச்சு. பள்ளத்துப் பக்கம் சில எடத்துல தடுப்பே இல்ல. 2023 ஜனவரில நானுஓயாவுல ஏழு பேர், 2025 மே மாசம் கெரண்டிஎல்லயில 20 பேருக்கு மேல, செப்டெம்பர்ல எல்ல – வெல்லவாய ரோட்டுல 15 பேர்னு விபத்துல செத்தாங்க, இது எல்லாம் உங்களுக்கும் தெரியும். ரேடியோ இருந்திருந்தா அத்தனையும் தடுத்திருக்கும்னு நான் சொல்ல வரல, அப்படி சொன்னா அது செத்தவங்களுக்கு செய்ற துரோகம். கண்ணாடியும் தடுப்பும் கோடும் கேட்ட எங்களுக்கு அது கெடைக்காம தானா ஓடுற வண்டிய காட்டினா எப்படி நம்புறதுன்னு தான் மனசு கொதிக்குது. மன்னிச்சுக்கோங்க, கேக்க வந்தத விட்டுட்டேன்.

ரம்பொடையில இருந்து லபுக்கலைக்கு ஏறுற ரோடு நீங்க போயிருப்பீங்க. ஒரே ரோடு தான் ஒன்னுக்கு மேல ஒன்னா அடுக்கு அடுக்கா போகும், ஜன்னல்ல எட்டிப் பாத்தா கீழ் அடுக்குல வர்ற பஸ்ஸோட கூரை தெரியும். மேப்ல அந்த ரெண்டு அடுக்கும் பக்கத்துல பக்கத்துல தான் இருக்கும். வண்டி தான் இருக்கிற எடத்த ஜிபிஎஸ் வச்சு தான் சொல்லும், அதுக்கு எடத்த விட ஒயரத்த கண்டுபிடிக்கிறது கஷ்டம், ரெண்டு பக்கமும் மலை இருந்தா தெரியுற சாட்டிலைட்டும் கொறஞ்சு போகும், அலை மலைல பட்டு திரும்பி வந்து இன்னும் கொழப்பும். அப்போ மேல போற வண்டி என்ன நெனைக்கும்? கீழ் அடுக்குல வர்ற பஸ் எனக்கு நேரா வருதுன்னு நெனச்சு பிரேக் அடிச்சா? அன்னைக்கு டெவோன்கிட்ட நடந்தது தான் திரும்ப நடக்கும். இல்ல, வீணா பத்து தடவ கத்தினா டிரைவர் அந்த சத்தத்த நிப்பாட்டி விடச் சொல்லி என்கிட்ட தான் வருவாரு, பதினோராவது தடவ நெசமா வர்றப்போ அது கத்தாது.

எங்க இருக்கேன்னு சொல்றதோட காரியம் முடியாது. குறுகின எடத்துல எறங்குற வண்டி ஏறுற வண்டிக்கு வழி விடணும், இது எங்க ஊரு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா மேல வர்றது சனத்தோட பஸ்ஸா இருந்து, கீழ இருந்து ஏறுறது வெறும் ஆட்டோவா இருந்து, ஆட்டோவுக்குப் பின்னால அகலமான எடம் இருந்தா ஆட்டோக்காரரு தானாவே பின்னால எடுப்பாரு. கொண்டக்டர் எறங்கி பஸ் தகரத்துல ஒரு தட்டு தட்டினா நில்லு, ரெண்டு தட்டினா போ. லைட் அடிச்சா ஒருத்தருக்கு "நான் வர்றேன், நில்லு", இன்னொருத்தருக்கு "நீ வா", அதுலயே எங்களுக்குள்ள தகராறு வருது. அமெரிக்காவுல வாகன என்ஜினியர்மாரோட எஸ்ஏஇ அமைப்பு 2020ல வண்டிங்க ஒத்துழைக்கிறத நாலு படியா பிரிச்சிருக்கு: நான் இப்ப எப்படி இருக்கேன், அடுத்து என்ன செய்யப் போறேன், நாம பேசி எப்படி செஞ்சுக்கலாம், சொன்னபடி நீ செய். எங்க ரோட்டுக்கு அந்த மூணாவது படி இல்லாம முடியாது. ரெண்டு வண்டியும் நீ போ நீ போன்னு நின்னா பின்னால பஸ் உருளும், ரெண்டும் நான் தான்னு வந்தா பள்ளம்.

செல்போன் டவர நம்பி மட்டும் செஞ்சிராதீங்கன்னும் கெஞ்சி கேக்குறேன். 2023 ஆகஸ்ட்ல சான் பிரான்சிஸ்கோவுல குரூஸ் கம்பனியோட ஆளில்லா கார்கள் கிட்டத்தட்ட பத்து ஒரே எடத்துல நடு ரோட்டுல நின்னுருச்சு, அதே நகரத்துல நடந்த பெரிய இசை விழாவால நெட்வொர்க் நெருக்கடின்னு அந்தக் கம்பனியே காரணம் சொல்லிச்சு. அது பணக்கார நகரம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்போ எங்களுக்கு கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல, அந்தப் பக்கத்து லயத்துல இருக்கிறவங்க உயிரோட இருக்காங்களான்னு நடந்து போய் தான் பாத்தோம். மண் சரிஞ்சு ரோடு இல்லாம போன எடத்தையும் வண்டி மேப்புக்கு யாரு சொல்லுவாங்க? டவர் விழுந்தாலும் வண்டியும் வண்டியும் நேரடியா பேசுற முறையா இருக்கணும். யாராச்சும் ஒரு கெட்டவன் பொய் பிரேக் செய்தி அனுப்பினா நம்பாத மாதிரி ஒவ்வொரு செய்தியோட டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாக்குற ஏற்பாடும் வேணும், அத யாரு நடத்துவாங்கன்னும் சொல்லுங்க.

ஆகவே திரும்பவும் தாழ்மையா கேக்குறேன். ஒரே பாஷைய முதல்ல முடிவு பண்ணுங்க, அத பஸ்ஸுலயும் கொழுந்து லொறிலயும் ஸ்கூல் ஆட்டோலயும் இருந்து ஆரம்பிங்க. எங்க வளைவுல பாஸ் ஆகாத எதையும் எங்க ரோட்டுல தானா ஓட விடாதீங்க. கேமரா மாட்டின வண்டிக்கு அந்த கேமராவ டெஸ்ட் பண்றத கட்டாயமாக்குங்க, அத செய்ய எங்கள மாதிரி கராஜ்காரங்களுக்கு படிச்சுக் குடுங்க, தமிழ்ல படிச்சுக் குடுங்க.

படம் போட்டு காட்டினவர ஒரு நாள் அனுப்பி வைங்க. காலைல ஆறு மணிக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல நான் நிப்பேன். ரெண்டு ரேடியோ பெட்டிய மட்டும் கொண்டு வரச் சொல்லுங்க, எந்த கம்பனியோடதா இருந்தாலும் சரி. ஒன்ன வளைவுக்கு மேல அந்த பஸ்ல வைப்போம், மத்தத கீழ ஆட்டோவுல வைப்போம், ஆட்டோக்காரருகிட்ட நான் பேசிட்டேன், ஒரு நாள் ஹயர விட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டாரு. கண்ணாடி இன்னும் மாத்தல, ஒடஞ்ச எடத்துல டேப் ஒட்டியிருக்காரு.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்து வாகன வயரிங் வேலக்காரன்