பப்ஸ் செய்முறைக்குக் கிராம் கணக்கும் சூட்டின் அளவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் பக்கத்தைப் பல வருடங்களாக வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டு வருகிறேன். குழம்பு, பொரியல், வற்றல் வகைகளுக்கு அந்தப் பக்கத்தை நம்பி இறங்கலாம், ஏனென்றால் ‘உப்பு தேவையான அளவு’ என்று போட்டிருந்தாலும் எவ்வளவு என்று நம் கைக்குத் தெரியும். ஆனால் பிறந்தநாள், கொலு, வீட்டு விசேஷம் என்று நாலு பேர் கூடும்போது ஓவனில் வைத்து எடுத்துக் கொடுக்கிற வெஜ் பப்ஸ், சீஸ் ஸ்டிக் மாதிரி அயிட்டங்களையும் அதே பாணியில் எழுதினால், படித்துச் செய்பவர் வீட்டில் அது கெட்டுத்தான் போகும். என் வீட்டில் கெட்டுப்போனது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், மகளின் பத்தாவது பிறந்தநாள். மே மாதம், மதுரை. வகுப்புப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளுமாக முப்பது பேர் வருவார்கள் என்று கணக்கு. பஜ்ஜி போட்டால் வருகிறவர்களை வாங்க என்று கேட்கக்கூட முடியாமல் ஒருத்தி அடுப்படியிலேயே நிற்க வேண்டும், பப்ஸ் என்றால் ட்ரேயில் அடுக்கி ஓவனில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். கையில் இருந்த ஒரு பத்திரிகைக் குறிப்பில் (உங்களுடையது இல்லை) மைதா 2 கப், வெண்ணெய் 1 கப், தண்ணீர் தேவையான அளவு, மடித்து மடித்துத் தேய்க்கவும், மிதமான சூட்டில் 20 நிமிடம் பேக் செய்யவும் என்று நாலே வரி. செய்தேன். ஓவன் கதவைத் திறந்தபோது ட்ரேயில் வெண்ணெய் குளமாகத் தேங்கி நின்றது, பப்ஸ் அதில் பாதி முழுகி, ஓரம் மட்டும் சிவந்து, உள்ளே பச்சை மாவாக இருந்தது. ஒரு அடுக்குகூட எழும்பவில்லை. பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் என் கணவர் ஓடிப்போய்ப் பேக்கரியில் முப்பது பப்ஸ் வாங்கி வந்தார். மகள் மட்டும் ‘நீ செஞ்சது ஒண்ணு குடும்மா’ என்று வந்து கேட்டாள், கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், இருபது வருடத்துக்கு மேல் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது இரண்டே கேள்வி. “வெண்ணெய் என்ன பதத்துல இருந்துச்சும்மா? ஓவன் எத்தனை டிகிரி?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் பின்பற்றிய குறிப்பிலும் அது இல்லை.

விஷயம் இதுதான். பப்ஸில் சோடா உப்பும் கிடையாது, ஈஸ்டும் கிடையாது. மாவு ஒரு தாள், வெண்ணெய் ஒரு தாள் என்று மாறி மாறி அடுக்கியிருக்கும், சூடு பட்டதும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி (நாம் வாங்குகிற வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர்தான்) ஒவ்வொரு மாவுத் தாளையும் மேலே தூக்கும். மூன்றாக ஒரு தடவை மடித்தால் 3 அடுக்கு, அடுத்த மடிப்பில் 9, அப்புறம் 27, நான்காவதில் 81. பெரிய பேக்கரிகளில் ஆறு தடவை மடிப்பார்கள், அது 729. இத்தனை அடுக்கும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்றால் ஓவனுக்குள் போகிற வரைக்கும் வெண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டும். வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும், மதுரையில் மே மாத மதியம் வெளியே 40 டிகிரி, அடுப்படியைக் கேட்கவே வேண்டாம். நான் மடித்துத் தேய்த்தபோதே வெண்ணெய் மாவுக்குள் ஊறிப்போயிருக்கிறது, அதாவது நான் பிசைந்தது பப்ஸ் மாவே இல்லை, பிஸ்கட் மாவு. இதற்கு மேல் ‘மிதமான சூடு’ வேறு. பப்ஸுக்கு 200 டிகிரி வேண்டும், அதுவும் ஓவன் முன்கூட்டியே 15 நிமிடம் சூடாகி நிற்க வேண்டும். 160 டிகிரியில் வைத்தால் ஆவி கிளம்புவதற்குள் வெண்ணெய் உருகி வழிந்துவிடும், அன்று ட்ரேயில் நான் பார்த்த குளம் அதுதான்.

கப் கணக்கையும் சொல்ல வேண்டும். வீட்டில் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிய பிறகு ஒரே கப்பில் மைதாவை இரண்டு விதமாக அளந்து பார்த்தேன். கரண்டியால் அள்ளி மெதுவாகப் போட்டால் 120 கிராம், கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம். இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம் வருகிறது, சாம்பாருக்கு இது ஒன்றுமில்லை, பப்ஸ் மாவுக்கு இதுவே தலைவலி.

இப்போது எனக்குத் தவறாமல் வருகிற அளவு இது, உங்கள் பக்கத்தில் போட்டாலும் சந்தோஷம்தான். மைதா 250 கிராம், வெண்ணெய் 150 கிராம், ஐஸ் தண்ணீர் 110 மில்லி, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, உப்பு அரை டீஸ்பூன் (உப்பு போட்ட வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை போதும்). வெண்ணெயை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவியில் மைதா மேலேயே துருவிவிட வேண்டும். கையால் பிசையக் கூடாது, முள்கரண்டியால் புரட்டினால் போதும். தண்ணீரையும் சாற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஒன்று சேர்த்து, கவரில் சுற்றி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். அந்த நேரத்தில் மேடை மேல் ஒரு ட்ரே நிறைய ஐஸ் கட்டியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துத் துடைத்துவிட்டால் கிரானைட் கல் ஜில்லென்று ஆகிவிடும், அதன் மேல் தேய்க்கும்போது வெண்ணெய் இளகாது. நீளவாக்கில் தேய்த்து, இன்லேண்ட் லெட்டரை மடிப்பது போல மூன்றாக மடித்து, திருப்பிப் போட்டு மறுபடி தேய்த்து மடிக்க வேண்டும். திரும்ப அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் இன்னும் இரண்டு மடிப்பு. கடைசி மடிப்பில் கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கோடுகள் தெரியும், அந்தக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், பப்ஸ் எழும்பும். எழும்பாத மாவு எல்லா இடத்திலும் ஒரே வெளிர் மஞ்சளாக இருக்கும். வெயில் காலத்தில் இந்த வேலையைக் காலை ஆறு மணிக்கு முன்பே முடித்துவிடுவேன். ஃபேன் காற்றில் மாவின் மேல்பக்கம் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும்.

உள்ளே வைக்கும் மசாலா கூடியவரை வறண்டிருக்க வேண்டும், நன்றாக ஆறியும் இருக்க வேண்டும். வெங்காயத்தை நிறம் மாறும் வரை வதக்கி, கேரட், பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் மிளகாய்த்தூள், கரம் மசாலா சேர்த்துச் சுருள வதக்கி, தட்டில் பரப்பி ஆறவிடுவேன். சூடாக வைத்தால் அடியில் இருக்கிற அடுக்கு அங்கேயே உருகி ஒட்டிக்கொள்ளும், பப்ஸின் அடி சொதசொதவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தக்காளி போடவே மாட்டேன். முட்டை பப்ஸ் என்றால் வெங்காய மசாலா மேல் பாதி வெட்டிய அவித்த முட்டையைக் கவிழ்த்து வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து ஏழு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் 24 துண்டு வரும், பார்ட்டிக்கு இந்த அளவுதான் வசதி, பிள்ளைகள் இரண்டு வாயில் முடித்துவிடுவார்கள். கத்தியை இழுக்காமல் நேராக அழுத்தி வெட்ட வேண்டும். மேலே முட்டை தடவினால் நல்ல பளபளப்பு வரும், எங்கள் அத்தை சைவம் என்பதால் நான் பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்து தடவுகிறேன், நிறம் நன்றாகவே வருகிறது. வெட்டிய ஓரத்தில் பால் வழியக் கூடாது, வழிந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி அந்தப் பக்கம் எழும்பாது. 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. மேலே சிவந்தால் மட்டும் போதாது, ஒன்றைத் தூக்கி அடிப்பக்கமும் சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

விசேஷத்தன்று காலையில் இத்தனையும் செய்ய வேண்டியதில்லை. மசாலா வைத்து மடித்த பப்ஸை முந்தின வாரமே ஃப்ரீசரில் அடுக்கி வைத்துக்கொள்ளலாம், ஐஸ் விடாமல் அப்படியே சூடான ஓவனில் வைத்து ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டால் சரி. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான், விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு ட்ரேயை உள்ளே வைக்கலாம். மீந்துபோனதை மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் மாதிரி ஆகிவிடும், ஓவனிலேயே ஐந்தாறு நிமிடம் வைக்க வேண்டும்.

மாவு தேய்க்க நேரமில்லாதவர்களுக்குப் பெரிய கடைகளின் ஃப்ரீசரில் ரெடிமேட் பப்ஸ் ஷீட் கிடைக்கிறது, முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்தால் காலையில் பதமாக இருக்கும். அதை நீளநீளமாக வெட்டி, துருவிய சீஸ், ஓமம், பொடித்த மிளகு தூவி முறுக்கி பேக் செய்தால் சீஸ் ஸ்டிக், மொத்த வேலையும் அரை மணி நேரம். பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் படித்து வாங்க வேண்டும். வெண்ணெயா, மார்ஜரினா, வனஸ்பதியா என்று பார்க்க வேண்டும். 40 டிகிரிக்கு மேல்தான் உருகும் பேஸ்ட்ரி மார்ஜரின் வகைகள் உண்டு, நம் ஊர் வெயிலுக்கு அதில் தேய்ப்பது சுலபம், ஆனால் வாயின் சூட்டில் அது முழுசாகக் கரையாது, மேலண்ணத்தில் மெழுகு மாதிரி படிந்து நிற்கும். வனஸ்பதி, மார்ஜரின் வகைகளில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைப்பது தெரிந்த விஷயம், அதனால் ஆலையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய், கொழுப்பு வகைகளில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் இருக்கிறது, அதற்கு முந்தின வருடம் 3 சதவீதமாக இருந்தது. பாக்கெட்டில் அந்த அளவைப் போட்டிருப்பார்கள், உங்கள் சமையல் பக்கத்தில் இதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ வீடுகளுக்கு உபயோகம்.

அதே சமயம் ‘எண்ணெயில் பொரிக்காதது, ஆரோக்கியமான ஸ்நாக்ஸ்’ என்று தலைப்புப் போடுவதை நிறுத்த வேண்டும், இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மேலே சொன்ன கணக்கில் ஒரு குட்டி பப்ஸுக்கு 6 கிராமுக்கு மேல் வெண்ணெய் போகிறது, நாலு சாப்பிட்டால் 25 கிராம். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் உள்ள பெரியவர்கள் அந்தத் தலைப்பை நம்பித் தட்டைக் காலி செய்வதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். விசேஷத்துக்குச் சாப்பிடுவது என்று உள்ளதைச் சொன்னால் போதுமே.

இன்னொன்று, ‘ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் உப்பு பரப்பிச் செய்யலாம்’ என்று கேக்குக்குப் போடும் வரியை பப்ஸுக்கும் போட்டுவிடுகிறார்கள். குக்கரில் மேல்பக்கம் சிவக்காது, அடி கருகும், நான் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன். ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) அல்லது கன்வெக்‌ஷன் வசதி உள்ள மைக்ரோவேவ் வேண்டும், வெறும் மைக்ரோவேவில் நடக்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் இல்லாதவர்கள் வெண்ணெய் வாங்கிக் காசை வீணாக்க மாட்டார்கள். ஃபிலோ ஷீட், ஃபெட்டா சீஸ் என்று உசிலம்பட்டியிலும் தேனியிலும் கடை கடையாக ஏறி இறங்கினாலும் எளிதில் கிடைக்காத பொருள்களைப் போடும்போதும் பதிலுக்கு என்ன போடலாம் என்று எழுதுங்கள்.

ஆகவே என் வேண்டுகோள், ஓவன் குறிப்பு எதைப் போட்டாலும் எடையைக் கிராமில் போடுங்கள், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் முன்கூட்டியே சூடாக்க வேண்டும், எத்தனை துண்டு வரும், எந்தக் கொழுப்பு என்று எழுதுங்கள், குறிப்பு அனுப்புகிறவர்களிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள். ஓவனில் காட்டும் டிகிரியும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒன்றாக இருப்பதில்லை, சில நூறு ரூபாய்க்கு உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் கிடைக்கிறது என்பதையும் ஓரமாகப் போடலாம். இடம் போதாது என்றால் அந்த வாரம் இரண்டு குறிப்புக்குப் பதில் ஒன்றே போடுங்கள்.

நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் இதை வெளியிட்டால் கொலுவுக்குச் சாயங்காலம் வருகிறவர்களுக்குச் செய்து பார்க்க அவகாசம் இருக்கும். நான் அளந்து எழுதி வைத்திருக்கும் தாளில் பன்னீர், காளான், முட்டைக்கோஸ் மசாலாக்களுக்கும் கிராம் கணக்கு இருக்கிறது, கேட்டால் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகி