டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

ஆசிரியருக்கு,

செரிமானத்துக்கான இயற்கைத் துணை உணவு விளம்பரங்களில் 'பக்கவிளைவே இல்லை' என்ற வரி தவறாமல் வருகிறது. நிலாவாரையும் இயற்கைதான், ஆனால் அது குடலை முடுக்கிவிடும் மலமிளக்கி, மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடுகிற பொருள் அல்ல. இசப்கோல் என்ற நார்ச்சத்து உமியைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கும் இசப்கோலுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாட்டிக் டப்பாவில் வெறுமனே 'நல்ல பாக்டீரியா' என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். எந்த வகை, காலாவதி நாள் வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்ற விவரம் வேண்டும். தயாரித்த அன்றைய கணக்கை மட்டும் பெரிதாக அச்சிடுவது வியாபார சாமர்த்தியம், அவ்வளவுதான். அப்புறம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றிருந்தால் பொடியைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

- ஒரு வாசகர்