டெக்சாஸ்னா டாலஸும் ஹூஸ்டனும் மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சுற்றுலா பக்கத்துல டெக்சாஸ் பத்தி வந்ததை படிச்சேன். நாலு நாள்ல டாலஸ், ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ பாத்துட்டா டெக்சாஸ் முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க. மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் 31 வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், பையன் டாலஸ் பக்கத்துல வேலையில இருக்கான், போன வருஷம் மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நானும் வீட்டம்மாவும் அங்கதான் இருந்தோம், லீவு கெடைக்கும்போதெல்லாம் பையன் ஒவ்வொரு பக்கமா கூட்டிட்டு போனான், முன் சீட்ல உக்காந்து ரோட்டை பாத்துகிட்டே போனேன்.

மொதல்ல தூரத்தை சொல்லணும். கிழக்கே லூசியானா எல்லையில ஆரஞ்சுன்னு ஒரு ஊர், மேற்கே எல் பாசோ, ஐ-10 ஹைவேல இந்த ரெண்டுக்கும் நடுவுல 1,400 கிலோமீட்டர். சென்னையில இருந்து கன்னியாகுமரி போயி திரும்ப சென்னைக்கே வந்து சேர்ற தூரம், ஆனா மாநிலம் மாறல. எல் பாசோ போனா கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கணும். மொத்த பரப்பு 6,95,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு மாதிரி அஞ்சு அதுக்குள்ள அடங்கும். கிழக்கு ஓரத்துல கேடோ ஏரியில சைப்ரஸ் மரமெல்லாம் தண்ணிக்குள்ளயே நிக்குது, கிளைக்கு கிளை நரைச்ச தாடி மாதிரி பாசி தொங்குது, மேற்கு ஓரத்துக்கு போனா கள்ளியும் கல்லும்தான். இதை நாலு நாள்ல முடிக்கிறது எப்படிங்க?

நம்ம ஊர்ல இருந்து புள்ளைங்களை பாக்க போற அப்பா அம்மாங்க பாதி பேரு ஆறு மாசமும் வீட்டுக்குள்ளயேதான் இருக்காங்க. ஹூஸ்டன்ல நாஸா விண்வெளி மையம் பாக்கணும், நிலாவுக்கு ஆளை அனுப்பின சாட்டர்ன் 5 ராக்கெட்டை படுக்க வெச்சிருக்காங்க, ஒரு முனையில நின்னா மறு முனை எங்கயோ இருக்கு. ஹூஸ்டன் பக்கத்துல பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கும் கண்டிப்பா போகணும், நாங்களும் போயி மனசார கும்பிட்டுட்டு வந்தோம். ஆனா அதோட நிறுத்திட்டு ஊருக்கு வந்துடறாங்களேன்னுதான் எனக்கு ஆதங்கம்.

நான் மேற்கு பக்கத்தைதான் மொதல்ல சொல்லுவேன். டாலஸ்ல விடியக்காலையில கெளம்பி ஐ-20ல போனோம், ஸ்வீட்வாட்டர் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடி கண்ணுக்கு எட்டுற வரைக்கும் நிக்குது, ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்தாடிக்கு நடுவுல எத்தனையோ ட்ரிப் அடிச்சவன் நான், அதை மாதிரி பல மடங்கு. அப்புறம் மிட்லண்ட், ஒடெஸா, பூரா எண்ணெய் பூமி, காட்டுல மாடு மேயற மாதிரி எண்ணெய் எறைக்கிற பம்பு தலையாட்டிக்கிட்டே நிக்குது. மாரத்தான்னு ஒரு சின்ன ஊரு தாண்டினப்புறம் நூறு கிலோமீட்டருக்கு மேல ஒரு பெட்ரோல் பங்க் கெடையாது, போன்ல சிக்னல் கெடையாது, ரோடு மட்டும் நூல் புடிச்ச மாதிரி போகுது.

அது போயி சேர்ற எடம் பிக் பெண்ட் நேஷனல் பார்க், 1944ல தொறந்தது, 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கு. அதுல சான்டா எலெனான்னு ஒரு பள்ளத்தாக்கு. மொதல்ல ஒரு ஓடையை தாண்டணும், செருப்பை கையில எடுத்துகிட்டு கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் சேறு புதையுது, தண்ணி சில்லுனு இருக்கு. அப்புறம் வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறி திரும்ப எறங்கினா ரியோ கிராண்டே ஆறு. ரெண்டு பக்கமும் 1,500 அடி பாறை செங்குத்தா நிக்குது, மேல வானம் ஒரு துண்டு அளவுதான் தெரியுது. நாங்க நின்ன பாறை அமெரிக்கா, எதிர் பாறை மெக்சிகோ, நடுவுல ஓடற தண்ணி முழங்கால் அளவு கூட இல்ல. வீட்டம்மா குனிஞ்சு தண்ணிய அள்ளி தலையில தெளிச்சுகிட்டா. அங்க இருந்த ரேஞ்சர் சொன்னதை பையன் எங்களுக்கு சொன்னான், இந்த ஆறு கொலராடோ மலையில பொறக்குதாம், வர்ற வழியில வெவசாயத்துக்கும் ஊர்களுக்கும் எடுத்து எடுத்து எல் பாசோ தாண்டறதுக்குள்ள ஆறே இல்லாம போயிடுது, இங்க ஓடறதுல பெரும்பகுதி மெக்சிகோவுல இருந்து வந்து சேர்ற கொன்சோஸ் ஆத்து தண்ணியாம். தென்பெண்ணை ஆத்தங்கரையில பொறந்து வளந்தவனுக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ராத்திரி நட்சத்திரம் பாக்க வெளிய வந்து நின்னோம். சின்ன வயசுல கரண்ட் இல்லாத ஊர்ல பாத்த வானம். அதை திரும்ப பாப்பேன்னு நெனைக்கவே இல்ல.

நடு டெக்சாஸ் வேற ஒலகம். மார்ச் கடைசி, ஏப்ரல்ல போனா ஹைவே ரெண்டு பக்கமும் ப்ளூபானட்னு நீலப்பூ தரை தெரியாம பூத்து கெடக்கு. அது முழுக்க தானா மொளைச்சதில்ல, 1930கள்ல இருந்து ஹைவே டிபார்ட்மென்ட்காரங்களே வெதை தூவறாங்க, பூ காய்ஞ்சு வெதை விழற வரைக்கும் ரோட்டோர புல்லை வெட்டவும் மாட்டாங்க. ஃப்ரெடரிக்ஸ்பர்க் 1846ல ஜெர்மன்காரங்க வந்து உண்டாக்கின ஊர், இன்னைக்கும் கடை போர்டுல ஜெர்மன் இருக்கு. சான் ஆன்டோனியோவுல அலமோங்கற ஸ்பெயின்காரங்க காலத்து பழைய மிஷனை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, தெக்கால அதே மாதிரி இன்னும் நாலு பழைய மிஷன் சர்ச் இருக்கு, எல்லாம் சேந்துதான் 2015ல யுனெஸ்கோவோட உலக பாரம்பரிய பட்டியல்ல வந்துச்சு. அதுல எஸ்பாடாவுல ஸ்பெயின்காரங்க காலத்து வாய்க்கால்ல இன்னும் தண்ணி ஓடுது.

இப்ப கால்வெஸ்டன், ஹூஸ்டனுக்கு தெக்கால கடலோரமா ஒரு தீவுல இருக்கற ஊர். நான் கடலூர்க்காரன், 2004ல அலை வந்தப்ப எங்க சொந்தக்காரங்க ரெண்டு பேரை பறிகொடுத்தோம், அதனால இந்த ஊர்ல என்னால சும்மா சுத்திப் பாக்க முடியல. 1900 செப்டம்பர் 8ந்தேதி அடிச்ச புயல்ல இந்த தீவுல செத்தவங்க எண்ணாயிரம் பேர் இருக்கும்னு சொல்றாங்க, அமெரிக்காவுல இயற்கை சீற்றத்துல அதுக்கு மேல சாவு இன்னைக்கு வரைக்கும் இல்ல. அந்த ஜனங்க ஊரை விட்டு போகல. கடலோரமா 17 அடி ஒசரத்துக்கு சுவர் கட்டினாங்க, அதோட விடாம ஊரையே மேல தூக்கினாங்க, ரெண்டாயிரத்துக்கும் மேல கட்டடத்தை ஜாக்கி வெச்சு தூக்கி, அடியில கடல் மண்ணை தண்ணியோட கலந்து பம்பு பண்ணி ரொப்பினாங்க. செயின்ட் பேட்ரிக்ஸ் சர்ச் மூவாயிரம் டன்னாம், 700 ஜாக்கி வெச்சு அஞ்சு அடி தூக்கியிருக்காங்க. பஸ்சுக்கு ஜாக்கி போட்டு டயர் மாத்தினவனுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வேலைன்னு புரியும், ஒரு ஜாக்கி முன்ன பின்ன ஏறினா சுவரு விட்டுடும். 1915ல மறுபடி பெரும் புயல் வந்தப்ப அந்த சுவர்தான் ஊரை காப்பாத்துச்சு. அந்த சுவர் மேல சாயங்காலம் முழுக்க நடந்தேன். எங்க ஊர் பசங்க நாலு பேரை கூட்டிட்டு வந்து இதை காட்டணும்னு தோணுச்சு.

வடக்கே அமரில்லோ பக்கத்துல பாலோ டூரோன்னு செவப்பு மண் பள்ளத்தாக்கு, ஜூன்ல போனதால வெயில் தாங்கல, சீக்கிரம் திரும்பிட்டோம். அங்க 1874ல கொமான்சி, கயோவாங்கற பூர்வகுடி ஜனங்களை தோக்கடிச்ச ராணுவம் அவங்க குதிரை ஆயிரத்துக்கு மேல சுட்டுக் கொன்னுதுன்னு படிச்சேன், குதிரை இல்லன்னா அவங்களுக்கு பொழப்பே இல்ல. அழகான எடம்தான், ஆனா அது தெரிஞ்சப்புறம் மனசு கனத்துடுச்சு.

ஆகஸ்ட்ல டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டின். காங்கிரஸ் அவென்யூ பாலத்தை 1980ல புதுப்பிச்சப்ப அடியில விட்ட சந்து ஒரு இஞ்சு அகலம்தான், அதுல வவ்வா வந்து குடியேறி இப்ப பதினஞ்சு லட்சமாம். பொழுது சாயற நேரம் பாலத்து மேல கூட்டம் கூட்டமா நிக்கறாங்க, நெல்லு அவிக்கிற எடத்துல கெளம்பற புகை மாதிரி ஆத்து மேல கோடு கோடா போகுது, முக்கா மணி நேரம் ஆகியும் நிக்கல. மொதல்ல ஜனங்க பயந்து இதை ஒழிக்கணும்னு சொன்னாங்களாம், பூச்சியைத்தான் தின்னுது, நல்லதுதான் பண்ணுதுன்னு புரிய வெச்சதும் விட்டுட்டாங்க.

உங்களை நான் கேக்கறது இதான். டெக்சாஸை ஒரே கட்டுரையில அடைக்காம பக்கம் பக்கமா பிரிச்சு போடுங்க, எந்த மாசம் எந்த பக்கம்னு போடுங்க. வயசானவங்க தெரிஞ்சுக்க வேண்டியதையும் சேத்து போடுங்க. பிக் பெண்ட்ல இருந்து வடக்கே திரும்பும்போது ரோட்டுலயே எல்லை போலீஸ் செக்போஸ்ட் இருக்கு, பாஸ்போர்ட்டை வீட்டு பொட்டியில பூட்டி வெச்சுட்டு போயிடாதீங்க, எங்களை நிறுத்தி பாத்துட்டு ரெண்டு நிமிஷத்துல மரியாதையா அனுப்பினாங்க. மாரத்தான்ல டேங்க் ரொப்பிக்கணும், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி வண்டியில இருக்கணும், முட்டி வலி இருக்கறவங்க சான்டா எலெனாவுல ஓடை வரைக்கும் போனா போதும், அங்க இருந்தே பாறை ரெண்டும் தெரியும். மார்ச்ல காலேஜ் லீவுன்னு அந்த பக்கம் ரூமெல்லாம் சீக்கிரம் ரொம்பிடுது, அதனால டிசம்பருக்குள்ள போட்டீங்கன்னா அடுத்த வருஷம் போறவங்க புள்ளைங்ககிட்ட சொல்லி புக் பண்ணிக்குவாங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
கடலூர்.