மூளை முந்துவதால் பொறுப்பு போய்விடுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, ஆகவே யாரையும் குறை சொல்ல இடமில்லை என்று சென்ற இதழ்க் கட்டுரை முடிகிறது. அதற்குச் சான்றாகக் காட்டிய, மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983 ஆய்வு அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள், 2.56 நொடிக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒளிப்புள்ளியைப் பார்த்தபடி, தங்களுக்குத் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்க வேண்டும். அசைக்கலாம் என்று தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். மூளையின் மின் அலை, அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே ஏறத் தொடங்கியது. எண்ணம் தோன்றியதாகச் சொன்னதோ சுமார் 200 மில்லிநொடி முன்பு. இடையில் உள்ள 350 மில்லிநொடியை வைத்துத்தான் இத்தனை வாதமும்.

அந்த ஏற்றம் 40 அசைவுகளின் பதிவுகளை, அசைந்த கணத்தில் ஒன்றாகப் பொருத்திப் பின்னோக்கிச் சராசரி எடுத்ததில் கிடைத்தது. மூளையின் மின்செயல்பாடு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது என்றால், தொட்ட தருணங்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏறுமுகம் தானாகவே வந்துவிடும். மூளை ஆய்வாளர் ஆரன் ஷர்கர் குழுவினர் 2012இல் முன்வைத்த விளக்கம் இது. ஏற்றம் தொடங்கிய இடத்திலேயே முடிவும் எடுக்கப்பட்டது என்று கொள்ள அவசியமில்லை. தவிர, மணிக்கட்டை இப்போது அசைப்பதா, சற்றுக் கழித்தா என்பதற்குக் காரணமே தேவையில்லை. பொய்ச்சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது அப்படியல்ல. அங்கே காரணங்களை எடைபோடுகிறோம். பொறுப்பு என்ற பேச்சே அங்கேதான் எழுகிறது.

வெளி அழுத்தத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனையில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பங்கேற்றவருக்கு ஆணையிடப்பட்டது. அதற்கு 15 வோல்ட் முதல் 450 வரை 30 விசைகள். மின்சாரம் பாயவில்லை, அலறியவர் நடித்தவர். விசையை அழுத்தியவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். எல்லோரும் சொல்லும் எண் இது. ஆணையிட்டவர் அறையைவிட்டுப் போய்த் தொலைபேசியில் சொன்னபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் கடைசிவரை போனார். சக பங்கேற்பாளர்களாக உடனிருந்த இருவர் மறுத்து எழுந்தபோது 40க்கு 4 பேர். உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 150 வோல்ட்டோடு நிறுத்தி மில்கிராமின் சோதனையைத் திரும்பச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், "உங்களுக்கு வேறு வழியில்லை" என்ற கடைசி அதட்டலைக் கேட்ட எவரும் தொடரவில்லை.

ஆக, அழுத்தம் மனிதரை உண்மையிலேயே வளைக்கிறது, ஆனால் எல்லோரையும் ஒரே அளவுக்கு அல்ல. அந்த அறையை அப்படி அமைத்தவரும் பொறுப்பாளிதான். அதனால் விசையை அழுத்தியவரின் பங்கு குறைந்துவிடாது. இது பாகம் பிரிக்கும் சொத்தல்ல.

பொறுப்பு உண்மையில் தேய்வது வேறிடத்தில். மூளையின் முன்பகுதியில் கட்டி வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் பற்றி 2003இல் மருத்துவ இதழில் வெளியானது. தவறென்று அறிந்தும் அவரால் பாலியல் உந்துதலை அடக்க முடியவில்லை. கட்டியை அகற்றியதும் அது நின்றது, கட்டி மீண்டும் வளர்ந்தபோது திரும்பியது. அவரிடம் பழுதானது காரணத்தைக் கேட்டுத் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரிடமும் அந்த நேரத்தில் அத்திறன் குறைவுதான். ஆனால் முதல் கோப்பைக்கு முன், சாவி கையில் இருந்தபோது, அது முழுமையாக இருந்தது. விசாரிக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது அந்த 26ஓடு 4ஐயும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்