தார் ரோடு முடியும் இடத்தில் இரண்டு அறை

அன்புடையீர், வணக்கம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மூன்று சின்ன ஊர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களுக்குப் பஸ் கிடையாது. தார் ரோடு முடியும் புளியமரத்தடியில் இறங்கி, ஓடையைத் தாண்டி ஒரு மணி நேரம் ஏறினால்தான் முதல் ஊர் வரும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, நிறைமாதப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. 108 வண்டி புளியமரம் வரை வந்து நின்றது. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அது வடியும் வரை இந்தக் கரையில் இரண்டு மணி நேரம் நின்றோம். இருந்த ஒரே குடையை மருமகள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே நின்ற அந்த மாமியார் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இதே கரையில் பிழைக்காமல் போனவர்களும் உண்டு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2008 முதல் 108 ஓடுகிறது. பாம்புக்கடி மருந்தை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எங்கள் மூன்று ஊரையும் கூட்டினாலும் அதில் கால்வாசி தேறாது. அதனால் எல்லாம் புளியமரத்தோடு நின்றுவிடுகிறது. செவிலியர் அம்மா அங்கே வந்து மரத்தடியில்தான் ஊசி போடுகிறார். கர்ப்பிணியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு மறைவு கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் மலம் கறுக்கிறது என்று பயந்து, அட்டையோடு கூரையில் செருகி வைத்துவிடுகிறார்கள் எங்கள் பெண்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை, டீயோடு மட்டும் போடாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவும் ஓர் இடம் வேண்டுமே.

அதனால் அந்தப் புளியமரத்தின் பக்கத்திலேயே இரண்டு அறை கட்டுகிறோம். ஒன்று பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பெண்களுக்கு. பத்து நாள் முன்பே துணையோடு வந்து தங்கிவிட்டால் வலி வந்ததும் வண்டி வாசலுக்கே வரும், ஓடையைத் தாண்டும் வேலையே இல்லை. மற்ற நாளில் செவிலியர் அங்கே பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இன்னொன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு. கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் கர்நாடகத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும் அப்பா அம்மா போய்விட்டால், பிள்ளைகள் பாட்டியிடம்தான் வளர்கிறார்கள். ஐந்தாவது முடித்த பெண்பிள்ளையைத் தனியாகக் கீழே அனுப்பப் பாட்டிக்கு மனம் வருமா? அத்தோடு படிப்பு நின்றுவிடுகிறது. எங்கள் ஊரிலேயே பி.ஏ. முடித்த பெண் ஒருவர் இருக்கிறார். காலையில் பிள்ளைகளைக் கூட்டமாக இறக்கிக்கொண்டு வந்து, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, திரும்பக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓடையில் வெள்ளம் வந்தால் அன்றைக்குத் தாய்மார் இருவர் துணையோடு பிள்ளைகள் அந்த அறையிலேயே தங்குவார்கள்.

இடம் மூன்று சென்ட், ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. கடைக்கால் தோண்டியதும் கல் சுமந்ததும் வீட்டுக்கு ஓர் ஆளாக நாங்களே. சாமை அறுத்த கையோடு வீட்டுக்கு இரண்டு மரக்கால் அளந்து, விற்று, 85 ஆயிரம் ரூபாய் சேர்த்தோம். சுவர் ஆள் உயரம் நிற்கிறது. கூரை, இரண்டு கழிப்பறை, சோலார் விளக்கு, கட்டில்கள், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷச் சம்பளம், இவ்வளவுக்கும் இன்னும் 6 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும். எங்களால் இதற்கு மேல் முடியவில்லை.

ஒரு மூட்டை சிமென்ட் விலையானாலும் அனுப்புங்கள். பணமாக வேண்டாம் என்றால் கம்பியாகவோ கட்டிலாகவோ கொடுக்கலாம். 80ஜி வரிச்சலுகை இன்னும் வாங்கவில்லை, ரசீது மட்டும் தருவோம். வெளிநாட்டில் இருப்பவர்களில் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடம் வாங்கத் தனி அனுமதி வேண்டும், அது எங்களிடம் இல்லை. தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் இருக்கும் சீட்டில் உள்ளது. வரவு செலவை மாதாமாதம் புளியமரத்தடியில் எழுதி ஒட்டுகிறோம். யாரும் வந்து பார்க்கலாம்.

ஐப்பசியில் ஓடை நிரம்பிவிடும். அதற்குள் கூரை போட்டாக வேண்டும். இந்தக் கார்த்திகையில் மூன்று வீட்டில் பிரசவம்.

இப்படிக்கு,
மூன்று ஊர்க் கட்டடக் குழு