சேமிக்கத் தெரியாமல் கடன்பட்டவர்கள் அல்ல நாங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், கொரோனாவுக்குப் பிறகு கிழக்கு மாகாணத்தின் பொருளாதாரம் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் படித்தவர், விடயம் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமத்துப் பெண்களிடம் சேமிக்கும் பழக்கம் இருந்திருந்தால் முடக்கக் காலத்தில் இவ்வளவு கடனுக்குள் போயிருக்க மாட்டார்கள் என்று நடுவில் ஒரு வசனம் எழுதியிருக்கிறார். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டினேன். "வட்டியும் கட்டி, இந்தப் பேச்சையும் நாங்கள்தான் கேட்க வேணுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் என் அம்மா காலத்திலிருந்தே, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்போம். சங்கத்தில் அதைச் சேர்த்து விற்று, ஒவ்வொருவர் பெயரிலும் வரவு எழுதுவோம். அந்தக் கொப்பியை எழுதுகிறவள் நான். இதைவிட மாதச் சீட்டு உண்டு. சமுர்த்தி என்ற அரசின் வறுமை நிவாரணக் கொடுப்பனவிலேயே ஒரு பகுதியைக் கட்டாயச் சேமிப்பு என்று வெட்டினார்கள். காதில் கிடக்கும் தோடும் எங்களுக்குச் சேமிப்புத்தான். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்ட பிறகு முதலில் பானையில் இருந்த பிடியரிசி போனது. அடுத்து சீட்டு நின்றது. பிறகு தோடு ஈட்டுக்குப் போனது. கடன் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. இந்த ஒழுங்கைத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கேட்டிருந்தாலே போதும்.

என் கணவர் மேசன். சீமெந்தும் வரவில்லை, வேலைக்குக் கூப்பிடவும் ஆளில்லை. நான் காலையில் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன். கடைகள் பூட்டிக் கிடந்தன. பன்பாய் இழைக்கிறவர்களிடம் பாய் வாங்க வருகிற வியாபாரிகள் வரவில்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண்களில் சிலருக்குச் சம்பளம் நின்றது, திரும்பி வர விமானமும் இல்லை. அரசு தந்த ஐயாயிரம் ரூபாயை நாங்கள் நன்றியோடுதான் வாங்கினோம். அரிசி, பருப்பு, பால்மா, சின்னவளின் இழுப்பு மருந்து என்று அது எத்தனை நாளுக்குப் போதும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கொஞ்சம் தலை நிமிர்த்தும்போது ஒக்டோபரில் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவியது. அதற்குப் பிறகு வாவியில் அன்றே பிடித்த மீனைக்கூட ஆட்கள் தொடப் பயந்தார்கள். நவம்பர் கடைசியில் அம்பாறை மாவட்டத்து அக்கரைப்பற்று முடங்கியது. 2021 ஓகஸ்டில் நாடு முழுக்க மறுபடியும் பூட்டு.

குழுக்கடன் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் கட்டுரையாளருக்குத் தெரியவில்லை போல. பெண்கள் சேர்ந்து ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்பது. வாராவாரம் ஒரு வீட்டில் கூடிக் காசு கட்ட வேண்டும். ஒருத்தியால் முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடியும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. தவணையைத் தள்ளிப்போடலாம் என்று அரசு அறிவித்தது உண்மை. ஆனால் எங்கள் ஊரில் ஊரடங்கு தளர்ந்த கையோடு கடன் கொடுத்த நிறுவனத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். தள்ளிப்போட்ட மாதங்களின் வட்டி பிறகு கணக்கில் ஏறியிருந்தது. என் குழுவில் ஒரு தங்கச்சி, கணவனை இழந்தவள், வட்டையில், அதாவது வயலில், கூலி வேலை செய்கிறவள். அவளால் கட்ட முடியாமல் போனது. அவளுக்காக நாங்கள் வேறு இடத்தில் கைமாற்று வாங்கிக் கட்டினோம். இரண்டாம் தடவை எங்களாலும் முடியவில்லை. ஒன்றாகக் கோயிலுக்குப் போன பெண்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஏசினார்கள். அவள் கடைசியில் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வெளிநாடு போனாள். எங்கள் கொப்பியில் அவள் பெயருக்கு நேரே இன்னும் சேமிப்பு வரவு இருக்கிறது. அவளையா சேமிக்கத் தெரியாதவள் என்று அச்சில் போடுகிறீர்கள்?

அதே கட்டுரை கைத்தொலைபேசி வாங்கிய கடனை வீண் செலவோடு சேர்த்துச் சொல்கிறது. பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டு, பாடத்தைத் தொலைபேசியில் அனுப்பியது யார்? என் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலம். கடன்பட்டு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். சிக்னல் கிடைக்காமல் குளக்கட்டில் போய் நின்று பாடம் பார்த்தான். அதை வீண் செலவு என்று சொல்ல என் வாய் வராது.

ஐயா, இந்தக் கடன் கொரோனாவோடு தொடங்கியதும் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு, பிழைக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்த பெண்களின் வாசலுக்கு முதலில் வந்தது வேலை அல்ல, கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தது. நிலுவை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது. தோட்டை ஈடு வைத்துத் தவறாமல் கட்டிய எங்களுக்கு ஒன்றும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். வேளாண்மை படுத்தது, கூலியும் படுத்தது. அடுத்த வருடம் எரிபொருள் வரிசையும் அரிசி விலையும். ஒன்றிலிருந்து எழும்ப முன்னம் அடுத்தது வந்தது.

எங்களிடம் பாய் வாங்கும் ஏறாவூர் முஸ்லிம் சகோதரி, தகப்பனைக் கொரோனாவில் பறிகொடுத்தவர். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியதால், அவரைப் போன்றவர்கள் அடக்கம் செய்யும் உரிமைக்காக 2021 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் கொடுத்தார்கள். கட்டாய எரிப்புக்கு 2024இல் அரசு மன்னிப்பாவது கேட்டது. எங்கள் கடனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எங்களுக்குப் புத்திமதி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் பத்திரிகையை இருபது வருடத்துக்கு மேலாக வாசிக்கிறேன். வெள்ளம் வந்தால் எங்கள் படம் முன்பக்கத்தில் வரும். வெள்ளம் வடிந்த பிறகு எங்களைத் தேடி ஒருவரும் வருவதில்லை. இதைச் சொல்ல எனக்கு மனவருத்தமாகத்தான் இருக்கிறது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நுண்நிதி நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலையும், வாசலில் வந்து மிரட்டினால் எங்கே முறையிடலாம் என்பதையும் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு அரைப் பக்கம் போடுங்கள். இப்போதும் புதுப்புதுப் பெயர்களில் ஆட்கள் வருகிறார்கள். யார் அனுமதி உள்ளவர், யார் இல்லாதவர் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. ஞாயிறு இதழில் போட்டால் நல்லது. எங்கள் பக்கத்துக் கடைக்கு அது திங்கட்கிழமைதான் வரும். வந்ததும் வெட்டிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி விடுகிறேன்.

இப்படிக்கு,
மாதர் சங்க உறுப்பினர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.